தொழிலாளர் பொருளியலும் தொழில் உறவுகளும்: பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு ஆலை இரவு ஷிப்டை நிறுத்தப் போவதாக அறிவிக்கிறது. தொழிலாளர் பொருளியல் படித்தவர் உடனே கேட்பது: விற்பனை சரிந்ததா, இயந்திரம் மலிவாகிவிட்டதா, வேலை போகிறவர்களுக்கு அடுத்த வேலை என்ன கூலியில் கிடைக்கும்? தொழில் உறவுகள் படித்தவர் கேட்பது வேறு: எத்தனை நாள் முன்னறிவிப்பு, சங்கத்தோடு பேசினார்களா, ஷிப்ட் மாற்றம் பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, யாரை முதலில் நிறுத்துவார்கள்?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டும் தனித்தனித் தாள்கள்; ஆசிரியர்களும் வேறு வேறு துறைக்காரர்கள். மாணவர்களும் ஒன்றை வரைபடமாகவும் மற்றொன்றைச் சட்டப் பிரிவுகளாகவும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரே பிரச்சினையின் மீது இரண்டு வகைக் கேள்விகளையும் வைக்கப் பழகியவருக்குத்தான் இந்தப் படிப்பு பிடிபடும். கீழே உள்ள வரிசை அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்கானது.

1. எந்தப் படிப்பு, எந்தத் துறையில்?

இந்தப் பாடம் பொருளியல் துறையில் விருப்பப் பாடமாக வரும். மேலாண்மைத் துறையில் மனிதவளத்தோடு சேர்ந்து வரும். சட்டத்திலும் சமூகப் பணியிலும் ஒரு பகுதியாக வரும். இதற்கென்றே தனிப் பள்ளி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1945இல் தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்று.

பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் பல துறைகள் பெயரை மனிதவள மேலாண்மை என்று மாற்றிக்கொண்டன. சில இடங்களில் மாறியது பெயர் மட்டும். சில இடங்களில் பாடமே மாறிவிட்டது. பாடத்திட்டத்தை வரவழைத்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள். கூட்டுப் பேரத்துக்கு (சங்கம் தொழிலாளர் எல்லோருக்குமாக நிர்வாகத்தோடு பேசுவது) தனித் தாள் இருக்கிறதா? தொழிலாளர் சட்டம் ஒரு அலகா, ஒரு முழுத் தாளா? பொருளளவியல் (பொருளியல் தரவைப் புள்ளியியலால் ஆராய்வது) கட்டாயமா? கடைசிப் பருவத்தில் ஆய்வேடோ களப்பயிற்சியோ உண்டா? நான்கில் இரண்டுகூட இல்லையென்றால், அது ஆள்சேர்ப்பும் பணித்திறன் மதிப்பீடும் சொல்லித்தரும் படிப்பு. அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.

2. முதல் ஆறு வாரத்தில் போடவேண்டிய அடித்தளம்

கணிதத்தில் வகையிடல், பகுதி வகையிடல், மடக்கை இவை போதும். மடக்கையை மட்டும் நன்றாகப் படியுங்கள். ஊதிய ஆய்வுகள் பெரும்பாலும் மடக்கையில்தான் ஓடுகின்றன. நுண்பொருளியலில் சமநோக்கு வளைகோடு, பட்ஜெட் கோடு, இறுதிநிலை உற்பத்தி. புள்ளியியலில் சராசரி, திட்டவிலக்கம், நம்பிக்கை இடைவெளி, ரெக்ரஷன் (ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று தரவிலிருந்து கணிப்பது). மென்பொருளில் ஆர் இலவசம், ஸ்டேட்டா பல துறைகளில் வழக்கம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலையுங்கள். எக்செலில் தொடங்கலாம், ஆனால் ஒரு லட்சம் வரிகள் கொண்ட கணக்கெடுப்புத் தரவை அதில் கையாள முயன்றால் எந்த வரியில் என்ன மாற்றினீர்கள் என்பதற்குத் தடயமே இருக்காது.

சட்டப் பக்கம் ஒரே ஒரு பயிற்சி: உங்கள் நாட்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் வரையறைப் பிரிவை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். யார் தொழிலாளி, எது தொழில், எது வேலைநிறுத்தம் என்பதில்தான் பாதி வழக்குகள் நிற்கின்றன. மேற்பார்வையாளர் தொழிலாளியா, செயலி வழியாக வேலை எடுக்கும் ஓட்டுநர் தொழிலாளியா என்ற கேள்வியெல்லாம் அந்தப் பிரிவிலிருந்துதான் கிளம்புகிறது.

3. அளவீட்டை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

கோட்பாட்டுக்குள் குதிப்பதற்கு முன், வேலையின்மை விகிதம் எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழிமுறைப்படி, குறிப்பு வாரத்தில் (கணக்கெடுப்பு எந்த வாரத்தைப் பற்றிக் கேட்கிறதோ அதில்) கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணிநேரமாவது வேலை செய்தவர் வேலையில் இருப்பவர். வேலை இல்லாமல், சமீபத்தில் தேடிக்கொண்டும் இருந்து, கிடைத்தால் சேரத் தயாராகவும் இருப்பவர்தான் வேலையற்றவர். இரண்டிலும் சேராதவர் உழைப்புப் படைக்கு வெளியே.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். வேலை செய்யும் வயதில் 1,000 பேர். வேலையில் 540, தேடுபவர்கள் 60. உழைப்புப் பங்கேற்பு விகிதம் 60 சதவீதம், வேலையின்மை 60ஐ 600ஆல் வகுத்தால் 10 சதவீதம். இப்போது தேடிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் சலித்துப்போய்த் தேடுவதை நிறுத்துகிறார்கள். ஒரு வேலைகூடப் புதிதாக உருவாகவில்லை. ஆனால் வேலையின்மை 40ஐ 580ஆல் வகுத்து 6.9 சதவீதமாகிறது. தலைப்புச் செய்தி நன்றாக இருக்கும். வேலையில் இருப்போர் பங்கு மட்டும் 54 சதவீதத்திலேயே அசையாமல் நிற்கும். அதனால் வேலையின்மை விகிதத்தைத் தனியாக எழுதாதீர்கள். பங்கேற்பு விகிதத்தையும் வேலையில் இருப்போர் பங்கையும் பக்கத்தில் வைத்தே எழுதுங்கள்.

இன்னொரு பொறி, வரையறை மாற்றம். 2013இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு, முக்கியமாகத் தன் குடும்பத் தேவைக்கு மட்டும் விளைவிப்பதை ‘வேலைவாய்ப்பு’ என்ற கணக்கிலிருந்து பிரித்து, ‘வேலை’ என்ற பெரிய வகைக்குள் வேறொரு பிரிவாக வைத்தது. பழைய வரையறையில் எடுத்த ஆண்டையும் புதிய வரையறையில் எடுத்த ஆண்டையும் ஒரே வரைபடத்தில் இணைத்தால், சிறுவிவசாயம் மிகுந்த நாடுகளில் பெண்களின் வேலைவாய்ப்பு ஒரே ஆண்டில் ‘சரிந்தது’ போலத் தெரியும். சரிந்தது எண்ணும் முறை.

4. உழைப்பின் அளிப்பும் தேவையும்

அளிப்பில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்றுதான். கூலி கூடினால் ஒருவர் அதிக நேரம் வேலை செய்வாரா? ஓய்வு நேரத்தின் விலை கூடுவதால் அதிகம் உழைக்கத் தூண்டும். இது பதிலீட்டு விளைவு. அதே வருமானத்தைக் குறைந்த நேரத்தில் ஈட்டலாம் என்பதால் குறைக்கவும் தூண்டும். இது வருமான விளைவு. எது வெல்லும் என்பதைக் கோட்பாடு சொல்லாது, தரவுதான் சொல்லும். ஆனால் வேலைக்கே போகாதிருந்தவர் போகலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில், கூலி உயர்வு ஒரே திசையில்தான் தள்ளும். பூஜ்ய மணிநேரம் உழைப்பவருக்குக் கூலி கூடியதால் வருமானம் எதுவும் கூடிவிடவில்லையே. மணிநேரம் பற்றிய கேள்வியையும் பங்கேற்பு பற்றிய கேள்வியையும் பிரித்து எழுதினால் விடைத்தாளில் பாதிக் குழப்பம் தீரும்.

தேவைப் பக்கத்தில் பொருளியலாளர்கள் மார்ஷலும் ஹிக்ஸும் தந்த நான்கு விதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விளைபொருளின் தேவை நெகிழ்ச்சியாக (விலை சற்று மாறினாலே பெரிதாக மாறுவதாக) இருந்தால், தொழிலாளிக்குப் பதில் இயந்திரத்தை எளிதில் வைக்க முடிந்தால், மற்ற உள்ளீடுகளின் அளிப்பு நெகிழ்ச்சியாக இருந்தால், மொத்தச் செலவில் கூலியின் பங்கு பெரிதாக இருந்தால், கூலி உயர்வு அதிக வேலைகளைத் தின்னும். நான்காவது விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பலர் அதை எழுதாமல் விடுவார்கள். விளைபொருளின் தேவை நெகிழ்ச்சி, பதிலீட்டு நெகிழ்ச்சியைவிட (ஆளுக்குப் பதில் இயந்திரத்தை வைப்பது எவ்வளவு எளிது என்ற அளவு) பெரிதாக இருந்தால்தான் அது செல்லும் என்று ஹிக்ஸ் காட்டினார்.

இந்த விதிகள் தொழில் உறவுகள் தாளிலும் வேலை செய்யும். பயிற்சி பெற்ற ஆளை நியமிப்பதைக் கட்டாயமாக்கும் விதி, ஒப்பந்தத் தொழிலாளர் மீதான கட்டுப்பாடு, இறக்குமதி வரிக்குச் சங்கமும் முதலாளியும் சேர்ந்து குரல் கொடுப்பது: ஒவ்வொன்றும் மேற்சொன்ன நெகிழ்ச்சிகளில் ஒன்றைக் குறைக்கும் முயற்சி. சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

5. முதலாளிக்குச் சந்தை பலம் இருந்தால்

போட்டிச் சந்தை வரைபடத்தோடு நின்றுவிட்டால், குறைந்தபட்ச ஊதியம் எப்போதும் வேலையைக் குறைக்கும் என்றே விடை வரும். 1933இல் ஜோன் ராபின்சன் விரித்துரைத்த மொனாப்சனி, அதாவது உழைப்பை வாங்குபவர் ஒருவரோ சிலரோ மட்டும் இருக்கும் சந்தை, இந்த விடையைப் புரட்டிப் போடுகிறது. வரைபடத்தை விட எண்ணில் பார்ப்பதே தெளிவு.

ஒரு நிறுவனத்துக்கு 98 கூலியில் 9 பேர், 100இல் 10 பேர், 102இல் 11 பேர், 104இல் 12 பேர் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே கூலி. ஒவ்வொருவரும் சேர்வதால் கிடைக்கும் கூடுதல் வருவாய்: 8ஆவது ஆளால் 130, 9ஆவது 125, 10ஆவது 120, 11ஆவது 115, 12ஆவது 110.

பத்தாவது ஆளை எடுக்கக் கூடுதல் செலவு 10 × 100 கழித்தல் 9 × 98, அதாவது 118. வருவாய் 120, எடுப்பார். பதினொன்றாவது ஆளுக்கு 11 × 102 கழித்தல் 1,000, அதாவது 122. வருவாய் 115தான், எடுக்க மாட்டார். அந்த ஆளின் கூலி 102தானே, ஏன் 122 என்று குழம்புகிறவர்கள் உண்டு: ஏற்கெனவே இருக்கும் பத்து பேருக்கும் தலைக்கு 2 கூட்டித் தரவேண்டியிருப்பதால்.

இப்போது அரசு குறைந்தபட்ச ஊதியத்தை 105 ஆக்குகிறது. ஒவ்வொரு கூடுதல் ஆளும் 105க்குக் கிடைக்கிறார், பழைய ஆட்களுக்குக் கூட்டித்தரும் சுமை இல்லை. 11ஆவது ஆள் 115 ஈட்டுகிறார், 12ஆவது 110, இருவரையும் எடுப்பார். கூலியும் கூடியது, வேலையும் 10இலிருந்து 12 ஆனது. ஊதியத்தை 113 ஆக்கினால் 11 பேர். 126 ஆக்கினால் ஒன்பதாவது ஆளே நட்டம். 8 பேர்தான் மிஞ்சுவர். ஆகவே குறைந்தபட்ச ஊதியம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த அளவில், எந்தச் சந்தையில் என்று கேளுங்கள். இதே கணக்கில் அரசின் இடத்தில் சங்கத்தை வையுங்கள். ஒப்பந்தக் கூலியும் இதே வேலையைச் செய்யும். இரண்டு தாள்களும் ஒட்டும் இடம் இது.

6. ஊதிய வேறுபாடுகள்: ரெக்ரஷனைப் படிக்கும் விதம்

கல்வியும் அனுபவமும் ஊதியத்தை எவ்வளவு உயர்த்துகின்றன என்று அளக்கும் மின்சர் சமன்பாட்டில் இடப்பக்கம் ஊதியத்தின் மடக்கை. வலப்பக்கம் கல்வி ஆண்டுகள், அனுபவம், அனுபவத்தின் வர்க்கம். கல்வியின் கெழு (அதன் முன் நிற்கும் பெருக்கெண்) 0.08 என்றால் ஓராண்டுப் படிப்புக்கு ஏறக்குறைய 8 சதவீத உயர்வு. ஆனால் சங்க உறுப்பினர் என்ற மாறியின் கெழு 0.40 என்று வந்தால் 40 சதவீதம் என்று எழுதக் கூடாது. e-இன் 0.40ஆவது அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் 49 சதவீதம் என்பதே சரி. சிறிய எண்களில்தான் குறுக்குவழி செல்லும். அனுபவத்தின் கெழு 0.05, வர்க்கத்தின் கெழு கழித்தல் 0.001 என்றால் ஊதியம் உச்சம் தொடுவது 25ஆவது ஆண்டில். அனுபவம் என்று அவர்கள் வைப்பது பெரும்பாலும் வயதிலிருந்து படிப்பாண்டுகளையும் பள்ளி சேரும் வயதையும் கழித்த எண். பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்ணுக்கு இது பொய்யான அனுபவத்தைக் கூட்டிக் காட்டும்.

ஆண் பெண் ஊதிய இடைவெளியைப் பிரிக்க 1973இல் ஓக்சகாவும் பிளைண்டரும் தனித்தனியே வெளியிட்ட முறை தேர்வில் தவறாமல் வரும். ஆண்களின் ஊதியம் 100 + 20 × கல்வி, சராசரிக் கல்வி 12 ஆண்டு, ஆக 340. பெண்களின் ஊதியம் 80 + 18 × கல்வி, சராசரி 10 ஆண்டு, ஆக 260. இடைவெளி 80. ஆண்களின் விகிதத்தில் கணக்கிட்டால், கல்வி வேறுபாட்டால் வருவது 2 × 20 = 40, விளக்கப்படாதது 40. பெண்களின் விகிதத்தில் கணக்கிட்டால் 36, 44. எந்த அளவுகோலை எடுத்தீர்கள் என்று சொல்லாத விடை பாதி விடைதான்.

விளக்கப்படாத பகுதியை அப்படியே பாகுபாடு என்று பெயரிடுவது பெரும் பிழை. அளக்காத திறன்கள் அதற்குள் இருக்கலாம். எதிர்த்திசையிலும் யோசியுங்கள்: பெண்களுக்கு அந்தப் படிப்பே மறுக்கப்பட்டிருந்தால், ‘விளக்கப்பட்ட’ 40க்குள்ளேயே பாகுபாடு ஒளிந்திருக்கிறது. நல்ல வேலைக்கு அனுமதிக்காமல் தடுப்பதும் அப்படித்தான்.

வேலையில் இருப்பவர்களின் ஊதியம் மட்டுமே நம் தரவில் தெரியும் என்பது அடுத்த சிக்கல். வேலைக்கு வராதவர்கள் எந்த ஊதியத்தில் இருந்திருப்பார்கள் என்று தெரியாது. ஹெக்மன் 1979இல் தந்த திருத்தம் இதற்காகத்தான். மென்பொருளில் ஒரு கட்டளையில் ஓடிவிடும். ஆனால் பங்கேற்பைப் பாதித்து ஊதியத்தைப் பாதிக்காத மாறி ஒன்று கையில் இல்லாவிட்டால், அந்த முடிவை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

7. காரணமா, தற்செயலா?

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியா மாற்றவில்லை. பொருளியலாளர்கள் கார்டும் க்ரூகரும் இரு மாநிலத்திலும் 410 துரித உணவகங்களை முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் ஒரு கடையின் சராசரி ஊழியர் எண்ணிக்கை (பகுதிநேர ஊழியர் இருவரை ஒரு முழுநேர ஊழியராகக் கணக்கிட்டு) 20.44இலிருந்து 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33இலிருந்து 21.17. ஒன்றில் 0.59 ஏற்றம், மற்றொன்றில் 2.16 இறக்கம், வேறுபாடுகளின் வேறுபாடு சுமார் 2.75, அதுவும் ஏற்றமாக.

பலர் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேலே படியுங்கள். ஏற்றத்துக்குப் பெரும்பங்கு நியூ ஜெர்சி கூடியதால் வந்ததில்லை. பென்சில்வேனியா இறங்கியதால் வந்தது. அங்கே ஏன் இறங்கியது, நியூ ஜெர்சியும் அதே போக்கில் இறங்கியிருக்குமா? இந்த இணைப்போக்கு அனுமானம்தான் முழு வாதத்தையும் தாங்குகிறது. நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து 2000இல் மாறான முடிவு சொன்னார்கள். அதே ஆண்டு கார்டும் க்ரூகரும் பதில் எழுதினார்கள். மூன்று கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படித்தால், தொலைபேசியில் கேட்ட தரவுக்கும் பதிவேட்டுத் தரவுக்கும் என்ன வித்தியாசம் என்று எந்தப் பாடநூலும் சொல்லித்தராத அளவுக்குப் புரியும். கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. க்ரூகர் 2019இலேயே காலமாகிவிட்டார்.

8. தொழில் உறவுகள்: யார், எந்த விதி, யாருடைய பார்வை

முதலில் அமெரிக்க அறிஞர் டன்லப் 1958இல் வைத்த சட்டகம். தொழிலாளரும் அவர்களின் அமைப்புகளும், நிர்வாகமும் அதன் அமைப்புகளும், அரசு முகமைகள் என மூன்று தரப்பு. சூழலாகத் தொழில்நுட்பம், சந்தை, அதிகாரப் பங்கீடு. இவற்றிலிருந்து பிறப்பது விதிகளின் வலை. எந்தத் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னாலும் இந்தப் பட்டியலை நிரப்பித் தொடங்கலாம். ஆனால் நிரப்பியதோடு நிறுத்தினால் அது விவரணைதான். மோதல் ஏன் வருகிறது என்பதை இந்தச் சட்டகம் அவ்வளவாகச் சொல்லாது.

அதற்குப் பார்வைகள் வேண்டும். நிறுவனம் ஒரே நோக்குள்ள அணி, மோதல் என்பது தவறான புரிதல் என்பது ஒருமைப் பார்வை. நலன்கள் பலவகை, மோதல் இயல்பு, அதைப் பேசித் தீர்க்க நடைமுறை வேண்டும் என்பது பன்மைப் பார்வை. 1966இல் ஆலன் ஃபாக்ஸ் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். பேச்சு மேசைக்கு வருமுன்னரே உடைமை ஒரு தரப்பிடம் குவிந்திருக்கிறது, ஆகவே அது சமமான பேச்சே இல்லை என்பது தீவிரப் பார்வை. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் அதே நிறுவனச் சங்கத்தின் துண்டறிக்கையையும் எடுத்து, எந்த வாக்கியம் எந்தப் பார்வையிலிருந்து வருகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். பத்துப் பக்கக் குறிப்பு தராத தெளிவு இதில் கிடைக்கும்.

சங்கங்களைப் படிக்கும்போது உறுப்பினர் விகிதத்தையும் ஒப்பந்தப் பரப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரான்சில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் சங்க உறுப்பினர். ஆனால் ஒப்பந்தங்களை அந்தந்தத் தொழில்துறை முழுவதற்கும் அரசு நீட்டிப்பதால் மிகப் பெரும்பாலான ஊழியர்கள் அவற்றின் கீழ் வருகிறார்கள். டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்தில் வேலையின்மைக் காப்பீட்டு நிதிகள் சங்கங்களோடு பிணைந்திருப்பது உறுப்பினர் விகிதம் உயர்ந்து நிற்க ஒரு காரணம். நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது தொழிலாளரின் ‘மனநிலை’யைத் தேடுவதற்கு முன் விதியைத் தேடுங்கள்.

சர்வதேச நெறிகளில் 1948இன் 87ஆவது உடன்படிக்கை (சங்கம் அமைக்கும் சுதந்திரம்), 1949இன் 98 (கூட்டுப் பேரம்) இரண்டையும் மூல வாசகத்திலேயே படிக்க வேண்டும். சில பக்கங்கள்தான். படித்தால் ஒன்று தெரியும்: 87இல் வேலைநிறுத்த உரிமை என்ற சொல்லே கிடையாது. மேற்பார்வைக் குழுக்கள் பொருள் கொண்டு வந்து சேர்த்தது அது. முதலாளிகள் தரப்பு 2012 முதல் அதை வெளிப்படையாகவே மறுத்து வருகிறது. சீனா, இந்தியா, அமெரிக்கா மூன்றும் இந்த இரண்டு உடன்படிக்கைகளையும் ஏற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

9. ஒரு ஊதிய ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள்

இந்தப் படிப்பில் வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு கற்றுத்தராது. கையெழுத்தான ஒரு ஒப்பந்தத்தின் நகலைத் தேடிப் பிடித்து இந்த வரிசையில் படியுங்கள்: யார் கையெழுத்திட்டார்கள், யாருக்குப் பொருந்தும், யார் விலக்கு (பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர்), காலம் எவ்வளவு, காலம் முடிந்து புதியது வரும்வரை பழையது தொடருமா. அப்புறம் பணம். கடைசியாக, பெரும்பாலோர் தாண்டிப்போகும் உற்பத்தி இலக்கு, இடமாற்றம், ‘ஒத்துழைப்பு’ பிரிவுகள். ஊதிய உயர்வுக்கு நிர்வாகம் வாங்கிய விலை அங்கேதான் எழுதியிருக்கும்.

பணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 தொழிலாளர், மாத அடிப்படை ஊதியம் தலைக்கு 20,000. எட்டு சதவீத உயர்வு என்றால் மாதம் 3,20,000. ஆனால் சேமநிதிப் பங்களிப்பு, பணிக்கொடை, மிகைநேர ஊதியம் எல்லாம் அடிப்படையோடு கட்டப்பட்டவை. அவை அடிப்படையில் 25 சதவீதம் என்று வைத்தால் உண்மைச் செலவு மாதம் 4,00,000. அதனால்தான் நிர்வாகம் அடிப்படையில் சேர்க்காமல் தனிப் படித்தொகையாகத் தரப் பார்க்கும். சங்கம் படியை அடிப்படையோடு இணைக்கச் சொல்லும்.

அடுத்தது காலம். முதல் நாளிலிருந்தே 8 சதவீதம் என்றால் இரண்டு ஆண்டில் அடிப்படையில் மட்டும் 76,80,000. ஆண்டுக்கு 4 சதவீதமாக இரண்டு தவணை என்றால் முதலாண்டு 19,20,000, இரண்டாமாண்டு 39,16,800, மொத்தம் 58,36,800. இறுதியில் ஊதிய நிலை 8.16 சதவீதம் உயர்ந்து, கேட்டதை விடச் சற்றுக் கூடவே நிற்கும். சங்கத் தலைவர் உறுப்பினர்களிடம் ‘எட்டுக்கு மேல் வாங்கினோம்’ என்பார். நிதி அதிகாரி மேலிடத்தில் ‘18 லட்சம் மிச்சம்’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இத்தகைய இரட்டை வாசிப்புக்கு இடம் கொடுக்கும் ஒப்பந்தங்களே சீக்கிரம் கையெழுத்தாகின்றன.

வகுப்பில் மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்தினால் தரப்புக்கு நான்கைந்து பேர், மூன்று மணிநேரம் வையுங்கள். தொடங்குமுன் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மூன்று எண்களை மூடிய உறையில் எழுதித் தரட்டும்: திறப்பு நிலை, எதிர்பார்ப்பு, அதற்குக் கீழ் இறங்காத எல்லை. முடிந்தபின் உறையைப் பிரித்து ஒப்பிடுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், எதிர்த்தரப்போடு பேசியதைவிடச் சொந்தத் தரப்புக்குள் ஒத்துப்போகத்தான் அதிக நேரம் போயிருக்கும். வால்டனும் மெக்கர்சியும் 1965இல் பிரித்த நான்கு செயல்முறைகளில் இந்த உட்பேரமும் ஒன்று.

10. தகராறு: வகையைப் பிரித்த பிறகே விடை

இருக்கும் ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ மீறினார்கள் என்பது உரிமைத் தகராறு. புதிதாக எதையாவது கேட்பது நலன் தகராறு. முன்னதற்கு விசாரணையும் தீர்ப்பும் பொருந்தும். பின்னதில் தீர்ப்புச் சொல்ல விதியே இல்லை. சமரசம் பேச வேண்டும், முடியாவிட்டால் பலப்பரீட்சை அல்லது நடுவர். கேள்வித்தாளில் வழக்கு விவரணை தந்தால் முதல் வரியிலேயே எந்த வகை என்று எழுதுங்கள்.

வேலைநிறுத்தத்துக்குப் பொருளியல் பக்கம் ஒரு புதிர் உண்டு. இரு தரப்பும் முடிவை முன்கூட்டியே அறிந்திருந்தால், நட்டமில்லாமல் அதே முடிவுக்கு வந்திருக்கலாமே? 1932இல் ஹிக்ஸ் வரைந்த இரு வளைகோடுகள் (வேலைநிறுத்தம் நீள நீள நிர்வாகம் எவ்வளவு தர இணங்கும், சங்கம் எவ்வளவுக்கு இறங்கிவரும்) இந்தக் கேள்விக்குத்தான் இட்டுச் செல்கின்றன. நிறுவனத்தின் உண்மை லாபம் எதிர்த்தரப்புக்குத் தெரியாதது ஒரு விடை. தொழில் உறவுகள் பக்கம் இன்னொரு விடை தரும்: தலைமை தன் உறுப்பினர்களிடம் போராடிக் காட்ட வேண்டியிருக்கிறது, அடுத்த பேரத்துக்காக மிரட்டலின் நம்பகத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

11. ஆய்வேடு

தலைப்பைச் சுருக்குங்கள். ‘தொழிற்சங்கங்களின் எதிர்காலம்’ என்பது ஆய்வேடு ஆகாது. ‘ஒரு துறையில், இன்ன விதி மாறிய பிறகு, நிரந்தர வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் இடையேயான ஊதிய இடைவெளி’ என்றால் ஆகும். அரசுக் கணக்கெடுப்பின் அடிமட்டத் தரவை எடுத்தால் முதல் இரண்டு வாரம் முழுக்கக் குறியீட்டு ஏட்டை (தரவில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல்) படிக்கவும் தரவைச் சுத்தம் செய்யவும் போகும்; அதை அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுங்கள். நிறைகளை (ஒவ்வொரு மாதிரியும் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறது என்ற எண்) பயன்படுத்தி, வெளியான அறிக்கையின் ஏதாவதொரு எண்ணை முதலில் நீங்களே வரவழைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் மேலே போகக் கூடாது.

களப்பணியென்றால் நிர்வாகம் தேர்ந்தெடுத்துத் தந்த பத்துப் பேரை மேலாளர் அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவது ஆய்வாகாது. சங்க அலுவலகத்தில் மட்டும் பேசுவதும் அதே குறைதான், திசை மட்டும் வேறு. ஷிப்ட் முடியும் நேரம், ஆலைக்கு வெளியே, பெயர் கேட்காமல், அரைமணி நேரம். பதிவு செய்யச் சம்மதம் கேளுங்கள்; மறுத்தால் குறிப்பெடுங்கள். ‘சம்பளம் போதுமா’ என்று கேட்டால் போதாது என்ற ஒரே விடைதான் வரும். கடைசிச் சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு, மிகைநேரம் எத்தனை மணி, எந்த விகிதத்தில் என்று கேளுங்கள். எழுதும்போது பெயரை மறைத்தால் போதாது. முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ‘ஒரே பெண் மின்பணியாளர்’ என்று எழுதினால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் பொருள்.

12. தேர்வும் அதற்குப் பின்னும்

வாரத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை போதும். நான்கு வரியில் குறிப்பு: கேள்வி, தரவு, எந்த ஒப்பீட்டிலிருந்து முடிவு வருகிறது, அந்த ஒப்பீடு எங்கே உடையும். வரைபடம் வரைந்தால் அச்சுகளுக்குப் பெயர் எழுதுங்கள், சமநிலை ஏன் நகர்ந்தது என்று ஒரு வாக்கியமாவது சேருங்கள். சட்டக் கேள்வியில் பிரிவு எண் மறந்துவிட்டால் எண்ணை ஊகித்து எழுதாமல் விதியின் பொருளைச் சரியாக எழுதுங்கள்.

வேலை கிடைக்கும் இடங்கள்: நிறுவனங்களின் தொழில் உறவுப் பிரிவு, சங்கங்களின் ஆய்வுப் பிரிவு, அரசுத் தொழிலாளர் துறை, புள்ளியியல் அலுவலகம், சமரச அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள். நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு இரண்டு பொருள்கள் கையில் இருக்கட்டும்: யார் ஓட்டினாலும் அதே முடிவைத் தரும், குறிப்புரை எழுதிய ஒரு நிரல், ஒரு ஊதிய ஒப்பந்தத்தின் பிரிவுகளை விலைபோட்டுக் காட்டும் இரண்டு பக்கம். ஆய்வுப் பணி என்றால் முன்னதைக் கேட்பார்கள், ஆலைப் பணி என்றால் பின்னதை.